அமெரிக்காவிலிருந்து கரீபியன் தீவுக்குப் பறக்க: டிக்கெட்டுக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை

நெவார்க்கிலிருந்தோ ஜேஎஃப்கேயிலிருந்தோ புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்கு நேர் விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஜமைக்காவின் மாண்டிகோ பேக்கும் அதே அளவுதான். தூரம் சுலபம், காகிதம்தான் சிக்கல். இந்திய பாஸ்போர்ட்டில் எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பம்), எஃப்-1 (மாணவர்) நிலையிலோ கிரீன் கார்டிலோ அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. இலங்கை, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கா திரும்பும் விதிகள் பொருந்தும். தீவுக்குள் நுழையும் விதிகள் வேறு, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

வரிசை முக்கியம். முதலில் கடற்கரை, பிறகு டிக்கெட், கடைசியில் விசா என்று போவதுதான் எல்லோருக்கும் கை வருகிறது. அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

1. திரும்பி வர உங்களிடம் என்ன இருக்கிறது?

பாஸ்போர்ட்டைத் திறந்து அமெரிக்க விசா ஒட்டியிருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: காலாவதி தேதி, விசா வகை, எத்தனை முறை நுழையலாம் என்ற குறிப்பு. 'எம்' என்று இருந்தால் பலமுறை. எண் 1 என்று இருந்தால் அந்த ஒரு முறையை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள்.

விசா காலாவதியாகியிருந்தாலும் ஐ-797 இருக்கிறதே, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஐ-797 என்பது நீங்கள் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி. நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப, ஒட்டிய விசா வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அதன் பெயர் தானியங்கி விசா மறுசெல்லுபடி, 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்'. விசா காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 கையில் இருந்தால், 30 நாளுக்குள் திரும்பும் சிறு பயணத்துக்குப் புது ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவது) தேவையில்லை என்பது அந்தச் சலுகை. எச்-1பி, எச்-4, எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம்) உள்ளவர்களுக்கு அது கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்குக் கிடையாது. எஃப் மாணவர்களுக்கும் ஜே (பரிமாற்றத் திட்டம்) நிலையில் உள்ளவர்களுக்கும் மட்டும் 'அண்டைத் தீவுகள்' என்ற பட்டியலும் சேரும்: பஹாமாஸ், பார்படோஸ், பெர்முடா, ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு, ஹெய்ட்டி, டிரினிடாட், விண்ட்வர்ட் – லீவர்ட் தீவுகள், கரீபியனில் உள்ள பிரிட்டிஷ், பிரெஞ்சு, டச்சுப் பகுதிகள். கியூபாவுக்குச் சலுகை இல்லை. 'போன வருஷம் என் நண்பன் காலாவதியான விசாவோடு ஜமைக்கா போய் வந்தான்' என்று யாராவது சொன்னால், அவர் எஃப்-1இல் இருந்தாரா என்று கேளுங்கள்.

மாணவர்கள் ஐ-20இல் (கல்லூரி தரும் தகுதிச் சான்று) பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் வாங்கியதா என்று பார்க்க வேண்டும். ஓபிடியில் (படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சி) இருந்தால் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும், கூடவே ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையும்.

விசா செல்லுபடியாகும் தேதியில் இருந்தும் பயன்படாத நிலைமைகள் இவை:

எஃப்-1இலிருந்தோ எச்-4இலிருந்தோ இங்கேயே எச்-1பிக்கு மாறியவர்கள். பாஸ்போர்ட்டில் பழைய எஃப்-1 விசா இன்னும் இரண்டு வருஷம் உயிரோடு இருக்கும், ஆனால் அதை வைத்து எச்-1பியாகத் திரும்ப முடியாது. எச்-1பி ஸ்டாம்பிங் ஆகும்வரை கரீபியனின் வெளிநாட்டுத் தீவுகள் உங்களுக்கு இல்லை.

நிலை மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள். முடிவு வரும் முன் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருந்து, எச் அல்லது எல் நிலையில் இல்லாமல் ஈஏடியில் மட்டும் வேலை செய்பவர்களும் அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்ப முன் அனுமதி) கையில் வராமல் கிளம்பக் கூடாது. அட்வான்ஸ் பரோல் அமெரிக்காவுக்குள் வரத்தான். 'அமெரிக்க விசா இருந்தால் போதும்' என்று சொல்லும் தீவில் அதை விசாவாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

நிறுவனம் மாறியவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். பழைய நிறுவனத்தின் பெயரில் ஒட்டிய எச்-1பி விசா தேதிக்குள் இருந்தால், புது நிறுவனத்தின் ஐ-797ஐச் சேர்த்துக் காட்டித் திரும்பலாம். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

இன்னொரு பழைய யோசனை இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது: தீவுக்குப் போகும்போது அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் முடித்துவிடலாம் என்று. 2025 செப்டம்பர் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தபடி, குடியேற்றம் சாராத விசாவுக்கு உங்கள் குடியுரிமை நாட்டிலோ நீங்கள் வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து: வெளியே போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்தால், மறுசெல்லுபடிச் சலுகையும் கையைவிட்டுப் போய்விடும்.

2. உங்கள் காகிதத்துக்கு ஏற்ற தீவு

இப்போது தீவுக்கு வரலாம். இந்திய பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை கரீபியன் மூன்று கூடையாகப் பிரியும்.

முதல் கூடை அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் தீவுகள்: புவேர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க விர்ஜின் தீவுகளும் (செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய்). விசா காலாவதியான எச்-1பிக்காரர்கள் கரீபியன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி. நேராகப் போய் நேராகத் திரும்பினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கில்லை. ஆனாலும் பாஸ்போர்ட், ஐ-94 அச்சு, ஐ-797 மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தன் பதிவுச் சான்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சான் ஹுவானிலிருந்து திரும்பும்போது குடியேற்ற வரிசை கிடையாது. செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய் விமான நிலையங்களில் கிளம்பும் முன் அமெரிக்கச் சுங்க, குடியேற்ற அதிகாரிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஆவணம் கேட்பார்கள்.

இந்தக் கூடையில் உள்ள பொறி செயின்ட் தாமஸில் இருக்கிறது. அங்கிருந்து ஜோஸ்ட் வான் டைக், வர்ஜின் கோர்டா என்று ஒருநாள் படகுப் பயணம் விற்பார்கள். எதிரே கண்ணுக்குத் தெரியும் தீவுகள்தான், ஆனால் அவை பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள். படகில் ஏறினால் அமெரிக்காவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். காலாவதியான விசாவோடு அந்தப் படகில் ஏறவே ஏறாதீர்கள். சான் ஹுவானிலிருந்து கிளம்பும் கப்பல் பயணத்துக்கும் இதே எச்சரிக்கை.

இரண்டாவது கூடை, இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் ஏற்கும் நாடுகள். ஜமைக்காவில் 30 நாள், பார்படோஸிலும் டிரினிடாட் – டொபேகோவிலும் 90 நாள். உங்களிடம் அமெரிக்க விசா இருக்கிறதா என்று அந்த நாட்டுக்காரர் கேட்பதில்லை. அதைக் கேட்கப்போவது திரும்பும்போது உங்களை ஏற்றும் விமான நிறுவனம்.

மூன்றாவது, அமெரிக்க விசாவையோ கிரீன் கார்டையோ பார்த்து உள்ளே விடும் இடங்கள். டொமினிக்கன் குடியரசு செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது கிரீன் கார்டு உள்ள இந்தியர்களைச் சுற்றுலா அட்டையில் அனுமதிக்கிறது. அட்டைக்கான கட்டணம் விமான டிக்கெட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடும். பஹாமாஸும் அரூபாவும் கிரீன் கார்டுக்காரர்களுக்கு விசா கேட்பதில்லை.

இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் நாளிலும் கிளம்பும் வாரத்திலும் இரண்டு முறை பாருங்கள். எங்கே பார்ப்பது? விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது டைமேட்டிக் என்ற தரவுத்தளம். உங்கள் விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே பயண ஆவணச் சரிபார்ப்பு என்ற பக்கத்தில் அதே தகவல் கிடைக்கும். குடியுரிமை, வசிக்கும் நாடு, கையில் உள்ள விசா, எங்கே இறங்குகிறீர்கள், எங்கே மாறுகிறீர்கள் எல்லாவற்றையும் சரியாகக் கொடுங்கள். பயண வலைப்பூவில் என்ன எழுதியிருந்தாலும், கவுண்டரில் ஜெயிப்பது டைமேட்டிக்தான். வரும் முடிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெயர்

தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி இருக்கும். சம்பளச் சீட்டில் அப்பா பெயர் வாலாக ஒட்டியிருக்கும்.

விதி ஒன்றுதான்: விமான நிலையத்தில் எந்த அடையாளத்தை நீட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடி டிக்கெட். வெளிநாட்டுத் தீவென்றால் அது பாஸ்போர்ட்டும் விசாவும். முதல் பெயருக்கு 'எஃப்என்யு', குடும்பப் பெயருக்கு உங்கள் பெயர் என்று விசாவில் உள்ளபடியே போடுவது சிக்கல் குறைந்த வழி. புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ரியல் ஐடி (மத்திய அரசின் தரத்துக்கு உட்பட்ட ஓட்டுநர் உரிமம்) உரிமத்தில் பறப்பதானால் உரிமத்தில் உள்ளபடி போடலாம். ரியல் ஐடி 2025 மே 7 முதல் கட்டாயம், ஆனால் செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட்டையும் பாதுகாப்புச் சோதனையில் அடையாளமாக ஏற்பார்கள்.

அடிக்கடி பறப்போர் கணக்கில் ஒரு பெயரும் டிக்கெட்டில் இன்னொன்றும் இருந்தால், உள்நுழைந்து புக் செய்யும்போது கணக்கில் உள்ள பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பணம் கட்டும் முன் அந்த வரியை ஒருமுறை வாசியுங்கள். ஒரு எழுத்துத் திருத்தம் சுலபம். முழுப் பெயரை மாற்றச் சொன்னால் புது டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

4. எந்த மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை விலை உச்சம். அதற்குள்ளும் கிறிஸ்துமஸ் வாரமும் மார்ச் மாதக் கல்லூரி விடுமுறையும் இன்னும் மோசம். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் உண்மையான ஆபத்துக் காலம், செப்டம்பர் 10ஐ ஒட்டி உச்சம். செப்டம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, அல்லது டிசம்பர் முதல் பத்து நாள். விலை, வானிலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டு இடைவெளிக்கு ஈடில்லை. பள்ளிப் பிள்ளைகள் இருந்து ஆகஸ்ட்தான் முடியும் என்றால், சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கும் அரூபா, குராசாவ் பக்கம் பாருங்கள்.

சூறாவளிக்காகக் காப்பீடு எடுப்பதென்றால் டிக்கெட் எடுத்த கையோடு எடுக்க வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய காப்பீடு அந்தப் புயலை ஈடுகட்டாது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகைச் சூறாவளியாக ஜமைக்காவின் மேற்கில் கரையேறியது. அந்தப் பக்கம் போவதானால் விடுதி முழுமையாகத் திறந்திருக்கிறதா என்று நேரடியாக விடுதிக்கே எழுதிக் கேளுங்கள்.

5. டிக்கெட் எடுப்பது

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து வருவதில் முதலில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கரீபியனில் பெயர்க் குழப்பம் அதிகம். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. செயின்ட் ஜான்ஸ் என்பது ஆன்டிகுவாவின் தலைநகர், கனடாவிலும் அதே பெயரில் ஒரு நகரம் உண்டு. செயின்ட் ஜான் என்ற அமெரிக்கத் தீவுக்கோ விமான நிலையமே கிடையாது, செயின்ட் தாமஸில் இறங்கிப் படகில் போக வேண்டும். கிரெனடா தீவு, கிரனாடா ஸ்பெயின் நகரம். மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்: சான் ஹுவான் எஸ்ஜேயு, மாண்டிகோ பே எம்பிஜே, கிங்ஸ்டன் கேஐஎன், பார்படோஸ் பிஜிஐ, புன்டா கானா பியூஜே, செயின்ட் தாமஸ் எஸ்டிடி.

சான் ஹுவானுக்குள்ளேயே இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. பெருநிலத்திலிருந்து வரும் விமானங்கள் இறங்குவது எஸ்ஜேயு. வியேகஸ், குலேப்ரா தீவுகளுக்கான சிறு விமானங்களில் சில இஸ்லா கிராண்டே என்ற இன்னொரு நிலையத்திலிருந்து கிளம்பும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும்படி ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

விசா காலாவதியாகிப் புவேர்ட்டோ ரிக்கோ போகிறவர்கள் கவனிக்க: தேடலில் மலிவான வழியாகப் பனாமா சிட்டி அல்லது சான்டோ டொமிங்கோ மாறிப் போகும் பயணமும் வரும். அது வெளிநாடு. 'நேர் விமானம்' என்ற வடிகட்டியைப் போடுங்கள், இல்லையென்றால் மயாமி, ஆர்லாண்டோ, சார்லட் போல அமெரிக்க நகரத்தில் மாறுவதை மட்டும் எடுங்கள்.

மைல்களில் டிக்கெட் எடுத்தால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். வரியும் தீவுக் கட்டணமும் பணமாகக் கட்ட வேண்டும். உதாரணமாக, பார்படோஸ் தன் வட்டாரத்துக்கு வெளியே பறப்பவர்களிடம் 70 டாலர் பயண மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறது, அது டிக்கெட்டுக்குள் வந்துவிடும். நான்கு பேர் குடும்பம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படைக் கட்டணத்தில் சில நிறுவனங்கள் முன்னிருக்கைக்கு அடியில் நுழையும் பையை மட்டுமே விடும். பெட்டிக்கான காசு, இருக்கைக்கான காசு இரண்டையும் இரண்டு பக்கமும் சேர்த்துக் கூட்டிய பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்குள் ரத்துசெய்தால் முழுப் பணமும் வரும். அல்லது 24 மணி நேரம் பணம் வாங்காமல் விலையைப் பிடித்து வைப்பார்கள். இது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி. இடைத்தரகர் தளங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. டைமேட்டிக் சரிபார்ப்பையும் பெயர்ச் சரிபார்ப்பையும் அந்த 24 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

நேர வித்தியாசம் ஒரு சிறு விஷயம்தான், ஆனால் திரும்பும் விமானத்தைத் தவறவிட வைக்கும். சான் ஹுவானும் பார்படோஸும் கோடையில் நியூயார்க் நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னே. ஜமைக்கா குளிர்காலத்தில் நியூயார்க் நேரம், கோடையில் ஒரு மணி நேரம் பின்னே.

6. குழந்தைகளும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும்

இங்கே பிறந்த குழந்தைக்கு வெளிநாட்டுத் தீவுக்குப் பறக்க அமெரிக்க பாஸ்போர்ட் கட்டாயம். பிறப்புச் சான்றிதழைக் காட்டி விமானத்தில் திரும்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட டிஎஸ்-3053 படிவம். கட்டணம் 100 டாலர், ஏற்பு நிலையத்துக்கு 35 டாலர், விரைவாக வேண்டுமென்றால் இன்னும் 60. தபால் போய்வரும் நாள்களையும் சேர்த்துப் பயணத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்கினால் பதற்றம் இல்லை. புவேர்ட்டோ ரிக்கோ உள்நாட்டுப் பயணம் என்பதால் சிறுவர்களுக்கு அடையாள அட்டை கேட்பதில்லை. இருந்தும் பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துப் போங்கள்.

அப்பா அல்லது அம்மா மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போவதானால், வராதவரின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு இருக்கட்டும்.

ஊரிலிருந்து பி-2 (சுற்றுலா) விசாவில் வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகும்போது, 'தீவுக்குப் போய் வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். சிறு பயணம் முடித்துத் திரும்புபவரைப் பழைய ஐ-94இன் மீதி நாள்களுக்கே அதிகாரி அனுமதிக்கலாம். இதற்காகவே வெளியே போய் வந்ததாகத் தோன்றினால் கேள்விகள் வேறு திசையில் போகும். அவர்களுடைய மருத்துவக் காப்பீடு அமெரிக்காவுக்கு வெளியே எவ்வளவு ஈடுகட்டும் என்றும் பாலிசியில் பாருங்கள். பல பார்வையாளர் காப்பீடுகளில் அது குறுகலாக இருக்கும்.

7. கடைசி 72 மணி நேரம்

பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் முதலில் புதுப்பியுங்கள், அதற்கான காரணம் கடைசிப் படியில் வருகிறது.

டொமினிக்கன் குடியரசுக்கு மின்-டிக்கெட் படிவம் கட்டாயம். நிரப்பினால் ஒரு கியூஆர் குறியீடு வரும். அதை நுழையும்போது மட்டுமல்ல, கிளம்பும்போதும் கேட்பார்கள். ஜமைக்காவுக்கு சி5 படிவம். பார்படோஸுக்கும் இணைய வழிக் குடியேற்றப் படிவம் இருக்கிறது. அரூபாவுக்குப் பயணத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் ஈடி அட்டை, விமானத்தில் வரும் பயணிக்கு 20 டாலர் கட்டணத்தோடு.

அரூபாவைத் தவிர மற்றவை இலவசம். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதே படிவத்தை நிரப்பித் தர 40, 60 டாலர் கேட்கும். அரசுக்குரிய முகவரிதானா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் இந்தப் படிவங்களில் மறுபடியும் முட்டிக்கொள்வார்கள். டிக்கெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

கைப்பையில் ஒரே கோப்பாக இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், பழையதும் புதியதும், ஐ-797 மூலப் பிரதி, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலைச் சான்றுக் கடிதம், எச்-4 என்றால் கணவர் அல்லது மனைவியின் ஐ-797 நகலும் திருமணச் சான்றிதழும், விடுதி முகவரி, திரும்பும் டிக்கெட், கியூஆர் குறியீடுகளின் அச்சு. கிரீன் கார்டுக்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டோடு அந்த அட்டை இருந்தால் போதும். அதை விடுதிப் பாதுகாப்புப் பெட்டியில் மறந்துவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

8. கிளம்பும் நாள், கவுண்டரில்

இந்திய பாஸ்போர்ட்டில் வெளிநாட்டுத் தீவுக்குப் போகும்போது ஆன்லைன் செக்-இன் பெரும்பாலும் பாதியில் நின்று 'ஆவணங்களைக் கவுண்டரில் காட்டவும்' என்று சொல்லும். கைப்பை மட்டும்தானே என்று கடைசி நேரத்தில் போகாதீர்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். பன்னாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடும்.

கவுண்டரில் நடப்பது இதுதான்: பாஸ்போர்ட்டை வாங்கியவர் குடியுரிமையையும் போகும் இடத்தையும் தட்டுவார். திரையில் விசா தேவை என்று வந்தால், கீழே உள்ள விதிவிலக்குகளைப் படிக்காமலே தலையை ஆட்டுவதும் உண்டு. வாதாடாதீர்கள். 'அமெரிக்க விசா உள்ளவர்களுக்கான விதிவிலக்கைப் பாருங்கள்' என்று சொல்லி, விசாப் பக்கத்தையும் உங்கள் அச்சையும் நீட்டுங்கள். சரிவராவிட்டால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். தகுதியில்லாத பயணியை ஏற்றினால் நிறுவனத்துக்கு அபராதம். அதனால்தான் அந்த இழுபறி.

நான்கு மணி நேரப் பறப்பில் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புளியோதரை, சப்பாத்தி தாராளமாகக் கொண்டுபோகலாம். தயிர், சட்னி, தொக்கு எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது.

9. திரும்பும் நாள்

நாசாவிலும் அரூபாவிலும் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே, விமானம் ஏறும் முன்பே நடக்கிறது. ஊருக்கு வந்து உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே நடந்துவிடலாம் என்பது வசதி. ஆனால் அந்தத் தீவில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். ஜமைக்கா, பார்படோஸ், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தால் முதலில் இறங்கும் அமெரிக்க நகரத்தில் குடியேற்றம், பிறகு பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பு, மறுபடி பாதுகாப்புச் சோதனை. மயாமியில் மாறுவதென்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஐம்பது நிமிட இணைப்பை விற்கும் தளங்களும் இருக்கத்தான் செய்கின்றன. மொபைல் பாஸ்போர்ட் கண்ட்ரோல் செயலி கிரீன் கார்டுக்காரர்களுக்கு உதவும், எச்-1பிக்கு இல்லை.

சான் ஹுவானில் வேறு ஒரு வரிசை உண்டு. செக்-இன் செய்யும் முன்பே, பெட்டிகளை வேளாண் துறையின் எக்ஸ்ரே எந்திரத்தில் போட்டு ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத பெட்டியைக் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். அன்னாசி, தேங்காய், வாழைக்காய் போகும். மாம்பழம், கரும்பு, மண்ணோடு இருக்கும் செடி போகாது.

வெளிநாட்டுத் தீவுகளிலிருந்து பழம், செடி, இறைச்சி எதையும் கொண்டுவராமல் இருப்பது நல்லது. டிரினிடாடில் கறிவேப்பிலை கொத்துக் கொத்தாகக் கிடைக்கிறதே என்று பெட்டியில் செருகாதீர்கள், எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சிக்காக அது தடைப்பட்டது. மறந்து கொண்டுவந்துவிட்டாலும் அறிவித்துவிட்டால் பறிமுதலோடு முடியும், மறைத்தால் அபராதம். வாங்கிய பொருள்களுக்கு வரிவிலக்கு பெரும்பாலான தீவுகளிலிருந்து தலைக்கு 800 டாலர், அமெரிக்க விர்ஜின் தீவுகளிலிருந்து 1,600 டாலர். ஜமைக்காவில் கடையிலேயே விற்கும் கஞ்சா கேக், மிட்டாய் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றம், விசாவில் இருப்பவருக்கு 'சாப்பிட்டேன்' என்று ஒப்புக்கொள்வதே நுழைவை மறுக்கக் காரணமாகிவிடலாம்.

10. வீட்டுக்கு வந்ததும் ஐ-94

பலர் விட்டுவிடும் படி. வெளிநாட்டிலிருந்து நுழையும்போது பெரும்பாலும் புது ஐ-94 உருவாகிறது, அப்போது பழையது செல்லாது. ஐ-797இல் 2028 வரை அனுமதி இருந்தாலும், பாஸ்போர்ட் 2027இல் முடிந்தால் ஐ-94 அந்த 2027 தேதியோடு நின்றுவிடும். நீங்கள் இங்கே தங்கக்கூடிய கடைசி நாள் இதுதான். கவனிக்காமல் ஐ-797 தேதியை நம்பி இருந்தால், தெரியாமலேயே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள்.

இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எச்-4 பிள்ளைகளின் தேதி பெற்றோர் தேதியிலிருந்து மாறியிருப்பது அடிக்கடி நடக்கும், பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடமே செல்லும் என்பதால். அதிகாரி தவறாகப் பதிந்திருந்தால் அருகிலுள்ள ஒத்திவைக்கப்பட்ட ஆய்வு அலுவலகத்தில், பெரும்பாலும் பெரிய விமான நிலையத்தில் அது இருக்கும், ஐ-797ஐக் காட்டித் திருத்தலாம். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் காலாவதியால் குறைந்த தேதி என்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த பிறகு அந்த அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் ஐ-94 தேதி முடியும் முன் நீட்டிப்பு மனு போடுவதோ, செல்லுபடியாகும் விசாவோடு மறுபடி வெளியே போய் வருவதோதான் வழி. புது ஐ-94இன் அச்சு ஒன்றை நிறுவனத்தின் குடியேற்றப் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள்.